காற்றுக் குழாயும் அதன் இணைப்புகளும்

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது நாம் ஏறிச் செல்லும் விரைவு வண்டியைப் பிடித்து நிறுத்துவது காற்று என்பது பலருக்கும் தெரிந்த செய்தியே. வண்டியின் அடியில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்ற அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கிறது. அவ்வழுத்தம் குறைந்தவுடன் பிரேக் பிடித்துக்கொள்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869இல் காற்றுப் பிரேக்குக்கு உரிமை பெற்றார். அதற்கு முன்பே, 1861 முதல், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்ஸையும் இத்தாலியையும் இணைத்த சுரங்கப் பாதையில் அமுக்கிய காற்றால் இயங்கும் துளைப்பொறிகள் வேலை செய்தன. இன்று சைக்கிள் கடை முதல் பெரிய ஆலை வரை அமுக்கிய காற்று இல்லாத இடம் அரிது.

நம் நண்பர்களிற் பலர் பட்டறைப் பயிற்சிக்காகவோ, ஆய்வுக்கூட வேலைக்காகவோ, போட்டிக்கு வண்டி செய்யும் குழுவுக்காகவோ காற்றுக் குழாய் அமைக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். அப்போது கம்பிரசரைப் பற்றிப் பலரிடம் கேட்டு, பல நாள் ஆராய்ந்து வாங்குகிறோம். குழாயையும் அதன் இணைப்புகளையுமோ கடைசி நாளில், கையில் மிஞ்சிய பணத்தில், எதிர்ப்பட்ட கடையில் வாங்குகிறோம். ஆனால் காற்று ஒழுகுவதும், அழுத்தம் குறைவதும், ஆளுக்குக் காயம் நேர்வதும் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான்களால்தான். ஆகவே உலோக இணைப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை முறையாகக் காண்போம்.

1. காற்றும் நீரும் ஒன்றல்ல

முதலில் தெளிய வேண்டிய உண்மை இது. 200 லிட்டர் கொள்ளும் ஒரு கலத்தில் 7 பார் அழுத்தத்தில் நீரை நிரப்புவதாகக் கொள்வோம். 7 பார் என்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு. நீர் ஏறத்தாழ அமுங்குவதே இல்லை. ஆதலின் அந்த நீரில் அடங்கிய ஆற்றல் சுமார் 22 ஜூல் மட்டுமே. கலம் வெடித்தால் நீர் பீறிட்டுச் சிந்தும். அழுத்தம் அக்கணமே அற்றுப்போகும்.

அதே கலத்தில் அதே அழுத்தத்தில் காற்றை நிரப்பினால் கணக்கே வேறு. விரிவதற்குக் காத்திருக்கும் அக்காற்றில் ஒரு லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. காட்டும் அழுத்தம் ஒன்றே. ஆயினும் விளைவு ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடுகிறது. 'தண்ணீருக்கு இந்தக் குழாய் தாங்குகிறதே, காற்றுக்குத் தாங்காதா?' என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

விடுதியின் நீர்க் குழாய்களில் நாம் காணும் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் போடுவது இதனால்தான் தகாது. அது விலை மலிவு; அறுப்பதும் ஒட்டுவதும் எளிது. ஆனால் வெயிலாலும் வயதாலும் அது நொறுங்கும் தன்மை அடைகிறது; கம்பிரசரிலிருந்து வரும் சூட்டில் வலிமை இழக்கிறது. அது உடையும்போது எஃகைப்போல் வளைந்து கிழிவதில்லை. கூரிய சில்லுகளாகச் சிதறுகிறது. உள்ளிருக்கும் காற்று அச்சில்லுகளை வீசி எறிகிறது. தரைக்கு மேலே அமைக்கும் காற்றுக் குழாய்களுக்குப் பி.வி.சி. கூடாது என்று அமெரிக்க நாட்டின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988இல் எச்சரிக்கை விடுத்தது. காற்றுக்கென்றே செய்து சான்று பெற்ற சில பிளாஸ்டிக் குழாய்கள் உண்டு. அவை வேறு வகை; கடையில் நீருக்கென விற்கும் குழாயை அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

2. எந்த உலோகம்?

இரும்பு: சிறு பட்டறைக்கு இன்றும் பெரிதும் பயன்படுவது எஃகுக் குழாயே. இந்தியத் தரமான ஐ.எஸ். 1239இன்படி இது மூன்று கனங்களில் வருகிறது. மெல்லியதற்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், கனத்ததற்குச் சிவப்பு என்று குழாயில் வண்ணப் பட்டை இட்டிருப்பார்கள். மரை வெட்டும்போது குழாயின் சுவரில் ஒரு பகுதி கழிந்துவிடும். ஆகவே மரை வெட்டிப் பூட்டும் காற்றுக் குழாய்க்கு மஞ்சளைத் தவிர்த்து, நீலப் பட்டையோ சிவப்புப் பட்டையோ உள்ளதையே வாங்க வேண்டும்.

இக்குழாய்க்கு உரிய எல்போ, டீ, சாக்கெட் முதலியவை வளையத்தகு வார்ப்பிரும்பால் ஆனவை. சாதாரண வார்ப்பிரும்பு சுத்தியலடி பட்டால் விரிந்து உடையும். அதற்கெனத் தனியாக வார்த்த வெள்ளை வார்ப்பிரும்பை உலையில் நெடுநேரம் சூட்டிலே வைத்து மெல்ல ஆற்றினால் அது ஓரளவு வளைந்துகொடுக்கும் குணம் பெறுகிறது. வெளித் தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆதலின் தர முத்திரையும் செய்தவர் குறியும் வார்ப்பிலேயே பதிந்த இணைப்புகளை வாங்குவதே அறிவுடைமை.

துத்தநாகம் பூசிய குழாயா, பூசாத கறுப்புக் குழாயா என்ற கேள்வி எழும். பூசாத குழாய் ஈரத்தில் துருப்பிடிக்கும். துருத்தூள் வால்வுகளை அடைக்கும். பூசிய குழாய் துருவைத் தள்ளிப்போடும். ஆனால் மரை வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடுகிறது. சில வேளை பூச்சே செதிலாகப் பெயர்ந்து காற்றோடு ஓடுகிறது. இரண்டிலும் குறை உண்டு. கருவிகளுக்கு முன்னே வடிகட்டி வைத்துவிட்டால் பூசிய குழாய் போதுமானது. பூசிய குழாயைப் பற்றவைப்பது மட்டும் வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

செம்பு: துருப்பிடிக்காது, உட்புறம் வழவழப்பானது. விலைதான் மிகுதி. இணைப்பை ஈயப்பற்றால் ஒட்டுவதைவிட வெள்ளி கலந்த கடினப் பற்றால் ஒட்டுவதே காற்றுக்கு ஏற்றது. சூடான இடத்தில் ஈயப்பற்று தளர்ந்துவிடும்.

பித்தளை: குழாயின் கடைசியில் வரும் நிப்பிள், குழல் முனை, வேகப் பிணைப்பு போன்ற சிறு உறுப்புகளுக்குப் பித்தளையே சிறந்தது. நுண்ணிய மரையை நன்றாகத் தாங்கும். துரு ஏறி இறுகிக்கொள்வதில்லை. குஜராத்தில் ஜாம்நகர் இத்தகைய பித்தளை உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயின் அம்மோனியா ஆவி உலவும் இடத்தில் பித்தளை விரிசல் காணும். வேதியியல் கூடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதை நினைவிற்கொள்க.

அலுமினியம்: அண்மைக் காலத்தில் பெரிய ஆலைகளில் பரவி வருவது. எடை குறைவு, குழாயை இணைப்பில் செருகி இறுக்கினால் போதும், மரை வெட்ட வேண்டுவதில்லை. பின்னர் பிரித்து மாற்றியமைக்கவும் எளிது. ஆனால் ஒரு நிறுவனத்தின் குழாய்க்கு மற்றொரு நிறுவனத்தின் இணைப்பு பெரும்பாலும் பொருந்தாது.

துருவேறா எஃகு: உணவும் மருந்தும் செய்யும் இடங்களுக்கு உரியது. இதன் மரைகள் ஒன்றோடொன்று உராய்ந்து கவ்விக்கொள்ளும் இயல்புடையவை. மசகுப் பூச்சு இன்றிப் பூட்டினால் கழற்ற முடியாமற் போகும்.

இங்கே ஒரு பொதுவிதி. வேறு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். அலுமினிய உறுப்பில் வெறும் பித்தளையை நேராகத் திருகினால் அலுமினியம் தேயும். நிக்கல் பூசிய பித்தளையை இடுவது வழக்கம். குழாயின் உட்புறம் ஈரம் இல்லாமற் செய்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

3. மரையின் பொருத்தம்

இங்குள்ள கடைக்காரர் மரையைச் 'சூடி' என்பார். இந்தியில் வளையலுக்கும் அதே பெயர்தான். அவர் எடுத்துத் தரும் இரண்டு உறுப்புகள் கையால் திருகும்போது ஒன்றில் ஒன்று ஏறினால் பொருந்திவிட்டதாக எண்ணிவிடுகிறோம். இதில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் குழாய்களுக்கு வழங்குவது பிரிட்டிஷ் மரை, சுருக்கமாகப் பி.எஸ்.பி. என்பர். ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த 55 பாகைக் கோணம் இதன் அடிப்படை. அமெரிக்காவிலோ வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த 60 பாகைக் கோணம் நிலைத்தது. அவர்களுடைய குழாய் மரையை என்.பி.டி. என்பர். வெளிநாட்டிலிருந்து வரும் அழுத்தமானி, வால்வு, அளவுக் கருவி ஆகியவற்றில் இந்த மரை இருக்கக்கூடும்.

ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணிப் பார்ப்போம். கால் அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் முறைக்கு 19, அமெரிக்க முறைக்கு 18. ஓர் அங்குலக் குழாயில் 11, மற்றதில் 11½. இவற்றை மாற்றிப் பூட்ட முயன்றால் சில சுற்றுகளில் சிக்கிக்கொள்ளும், தவறு தெரிந்துவிடும். ஆனால் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு முறைக்கும் 14தான். ஆகவே ஒன்றில் ஒன்று ஏறும். இறுகியது போலவும் தோன்றும். கோணமும் விட்டமும் வேறானபடியால் மரையின் பள்ளத்தில் சுருள் வழியாக ஓர் இடைவெளி நின்றுவிடும். எவ்வளவு டெப்லான் நாடா சுற்றினாலும் நாளடைவில் ஒழுகும். அதிர்வு மிகுந்த இடத்தில் பிடிப்பும் குறையும். நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் அளவுகளில்தான் இந்த ஏமாற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். மரைமானி ஒன்று கையில் இருந்தால் ஐயம் தீரும்.

இன்னொரு பிரிவும் உண்டு. சில மரைகள் நுனி சிறுத்துச் சரிந்திருக்கும். 16க்கு 1 என்பது அச்சரிவின் கணக்கு. இவை திருகத் திருக இறுகி, மரையிலேயே காற்றை அடைக்கும். வேறு சில நேர்மரைகள்; இவை பிடிப்பை மட்டும் தரும், காற்றை அடைப்பது முகத்தில் இருக்கும் வாஷரே. காற்று உருளைகளிலும் வால்வுகளிலும் நேர்மரை மிகுதி. அங்கே வாஷரை விட்டுவிட்டு நாடாவைச் சுற்றி முறுக்கினால் ஒழுக்கும் நிற்காது, உறுப்பும் வெடிக்கும்.

குழாயின் பெயரளவையும் அறிந்துகொள்க. 'அரை அங்குலக் குழாய்' என்பதை அளந்தால் எங்கும் அரை அங்குலம் கிடைக்காது. அதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ. முக்கால் அங்குலத்துக்கு 26.9, ஓர் அங்குலத்துக்கு 33.7 மி.மீ. அளவுகோலுடன் கடைக்குச் செல்லும் முதலாண்டு மாணவர் குழம்புவது இங்கேதான்.

4. எந்த இணைப்பு எங்கே?

ஒவ்வோர் இணைப்பும் காற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது. அத்தடையை 'இத்தனை விட்ட நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமம்' என்று கூறுவது பொறியியலில் வழக்கம். எல்போ ஒன்று சுமார் 30 விட்டம். டீயில் நேராகச் சென்றால் 20, பக்கவாட்டில் திரும்பினால் 60. முழுதும் திறந்த பால் வால்வு 3. கேட் வால்வு 8. குளோப் வால்வு 340.

25 மி.மீ. குழாயில் 20 மீட்டர் தூரத்துக்கு 8 எல்போவும் ஒரு குளோப் வால்வும் இருப்பதாகக் கொள்வோம். எல்போக்கள் 6 மீட்டருக்குச் சமம். குளோப் வால்வு மட்டும் 8.5 மீட்டர். ஆக 20 மீட்டர் குழாய் 34.5 மீட்டர் குழாய் போல் தடுக்கிறது. குளோப் வால்வுக்குப் பதில் பால் வால்வு வைத்தால் அதன் தடை 8 சென்டிமீட்டருக்கும் குறைவு. திறப்பதற்கும் மூடுவதற்கும் மட்டும் வேண்டிய இடத்தில் பால் வால்வே போதும் என்பது இதனால் விளங்கும்.

குழாயின் அளவு எப்படி? முதன்மைக் குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நிமிடத்துக்கு 1000 லிட்டர் காற்றை இழுக்கும் கம்பிரசர் அதை 7 பாருக்கு அமுக்கும்போது கனஅளவு எட்டில் ஒன்றாகி 125 லிட்டராகிறது. இதை 6 மீட்டர் வேகத்தில் செலுத்த 21 மி.மீ. விட்டம் வேண்டும். ஆகவே 25 மி.மீ. குழாயைத் தேர்ந்தெடுப்போம். செலவைக் குறைக்க 20 மி.மீ. போட்டால், அதே ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். அந்த இழப்பை ஈடுசெய்யக் கம்பிரசரின் அழுத்தத்தை ஒரு பார் கூட்டினால் மின்செலவு நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு கூடும், அதுவும் ஆண்டுதோறும்.

யூனியன் என்ற இணைப்பைப் பலர் செலவென்று விட்டுவிடுகிறார்கள். மரைக் குழாயை நடுவிலிருந்து கழற்ற முடியாது. ஒரு முனை கழன்றால் மறுமுனை இறுகும். யூனியன் இருந்தால்தான் நடுவில் பிரிக்கலாம். வடிகட்டி, அழுத்தச் சீராக்கி ஆகியவற்றின் இரு பக்கமும் யூனியன் வேண்டும். கம்பிரசரின் வாயிலில் விறைத்த குழாயை நேராகப் பூட்டாமல், சூட்டைத் தாங்கும் உலோகப் பின்னல் குழலை இடையில் வைக்க வேண்டும்; இல்லையேல் அதிர்வினால் முதல் மரையிலேயே விரிசல் விழும்.

5. நீர் வந்து சேரும் வழி

ஆடி மாதத்து ஈரக் காற்று 30 பாகை செல்சியசில், நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதத்துடன் இருந்தால், ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். எட்டுக் கன மீட்டரை ஒன்றாக அமுக்கினால் 195 கிராம் ஒரே இடத்தில் சேர்கிறது. அதே வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் தாங்கக்கூடியது 30 கிராம்தான். மிச்சம் 165 கிராம் நீராக விழுந்தே தீர வேண்டும். மேலே சொன்ன கம்பிரசர் இடைவிடாது ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேரும்.

காற்று சூடாக வெளிவருவதால் இந்நீரில் ஒரு பகுதி கலத்தைத் தாண்டிக் குழாய்க்குள் சென்று அங்கே குளிர்ந்து விழுகிறது. ஆகவே முதன்மைக் குழாயைக் காற்று செல்லும் திசையில் 100க்கு 1 சரிவாக அமைத்து, தாழ்ந்த முனையில் வடிகாற் குழாயும் வால்வும் வைக்க வேண்டும். கிளைக் குழாயை முதன்மைக் குழாயின் அடியிலிருந்து எடுக்கலாகாது. டீயின் வாயை மேல்நோக்கி வைத்து, இரண்டு எல்போக்களால் கொக்கின் கழுத்துப்போல் வளைத்துக் கீழே இறக்க வேண்டும். நீர் அடியில் ஓடிவிடும். உலர்ந்த காற்று மேலே ஏறிவரும். இரண்டு எல்போவின் தடையைவிட இந்த நன்மை பெரிது.

6. பூட்டுதலும் சோதித்தலும்

வெட்டிய குழாயின் உள்விளிம்புப் பிசிறை அரத்தால் நீக்குக. நாடாவை முனைப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று சுற்றுச் சுற்றுக. முதல் மரையை வெறுமையாக விடுக. அதன்மேல் சுற்றினால் நாடாவின் துணுக்கு அறுந்து வால்வுக்குள் போய்விடும். எல்போவின் வாய் நினைத்த திசைக்கு வராமல் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்ப வேண்டாம், அடைப்பு குலைந்துபோகும். கழற்றிப் புது நாடா சுற்றி மீண்டும் பூட்டுக.

சோதனையை முதலில் நீரால் செய்க. வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பினால் ஏற்றிப் பார்க்கலாம். தவறு இருந்தால் நீர் சொட்டும், அவ்வளவே. அழுத்தமானி, சீராக்கி போன்ற மெல்லிய கருவிகளை அப்போது பிரித்து வைக்க வேண்டும். பிறகு நீரை வடித்துக் காற்றைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சோப்பு நீர் தடவிக் குமிழி பார்க்க வேண்டும். அழுத்தம் உள்ளபோது எந்த இணைப்பையும் ஸ்பானரால் தொடக் கூடாது. முகத்தை இணைப்பருகே வைத்துக் கேட்பதும் கூடாது.

ஒழுக்கின் அளவைக் கணக்கிடவும் வழி எளிது. கலமும் குழாயும் சேர்ந்து 250 லிட்டர் என்க. 7 பாருக்கு ஏற்றிக் கம்பிரசரை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 10 நிமிடத்தில் 6 பாருக்கு இறங்கினால், வெளியேறியது 250 லிட்டர் காற்று. அதாவது நிமிடத்துக்கு 25 லிட்டர். கம்பிரசர் நிமிடத்துக்கு 250 லிட்டர் தருவதாயின் அதன் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. துளை ஒன்றின் வழியே நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று ஓடிவிடும். அதை ஈடுசெய்ய ஏறத்தாழ 3 கிலோவாட் வேண்டும். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட் மின்சாரம் யாருக்கும் பயனின்றிப் போகிறது.

7. வாங்குமுன் கேட்க வேண்டியவை

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இவ்வாறு எழுதிக்கொள்வது நலம். உயர்ந்த அழுத்தம் எவ்வளவு? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? எங்கே சூடு மிகுதி, எங்கே அதிர்வு மிகுதி? ஒவ்வொரு கருவியின் வாயிலிலும் எந்த மரை, சரிவா நேரா? எங்கெங்கே பிரிக்க வேண்டிவரும்? நீர் எங்கே வடியும்? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டால் இணைப்புகளின் பட்டியல் தானே வந்துவிடும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவரும் நிலை இராது. உறுப்பின்மேல் தாங்கும் அழுத்தம் பதிந்திராவிட்டால் அதை வாங்காமல் விடுவதே நன்று.

பொறியியல் பயிலும் நம்மிற் சிலர் நாளை ஆலைகளில் பொறுப்பேற்பார்கள். அங்கே குழாய்க்கு அருகில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர் நாமல்லர், தொழிலாளியே. நாம் தாளில் எழுதும் ஒரு வரி அவருடைய கண்ணையும் கையையும் காக்கும் அல்லது கெடுக்கும். ஒரு குழாயிணைப்பில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்களை இந்த நோக்கில் எடைபோட்டுப் பார்த்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நமக்கு ஐயம் எழாது.